அறுபத்தொரு சதவீதம்

செவ்வாய் மதியம் மூன்று தடவை
வந்து வந்து போனதாம் கரண்ட்.
நாலாவது தடவை வந்தபோது
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த பெட்டி
மட்டும் எழுந்திருக்கவில்லை.

மாங்கூழ் ஆலையில் அன்றைய லோடு கணக்கை முடித்து
பழையபேட்டைக்கு வந்து மூடியைக் கழற்றினேன்.
உள்ளே மலை இருந்தது.

பர்கூர் ரோட்டில் கல் அறுக்கிறவன் திம்மராயன்.
வாசலிலேயே சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவான்.
உதறியது போக ஒட்டிக்கொண்டு வந்ததை
ஆறு வருடமாக, சிட்டிகை சிட்டிகையாக,
விசிறி இழுத்து இழுத்துக் கொடுத்திருக்கிறது.
பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளி
டீ தம்ளரில் சேர்த்தேன்.
கால் தம்ளர்.

இரண்டு டிஸ்க். ஒரே நாளில், ஒரே கடையில்,
அடுத்தடுத்த நம்பரில் வாங்கியவை.
ஒன்றில் எழுதுவதை மற்றதும் எழுதிக்கொள்ளும்,
ஒன்று போனால் ஒன்று இருக்கும் என்று
தாலி எடுத்துக் கொடுப்பவர்போலச் சொன்னார் கடைக்காரர்.
ஒரே வயது, ஒரே வேலை, ஒரே சூடு.
ஒன்று செத்துவிட்டது.
மற்றது டிக் டிக் என்கிறது.

பேக்கப் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டேன்.
ஞாயிறுதோறும் இரவு இரண்டு மணிக்கு
‘வெற்றி’ என்று ஒரு வரி வரும்.
திறந்து பார்த்தது அன்றைக்குத்தான்.
பதினோரு மாதமாக ஒரு காலி ஃபோல்டரைப்
பத்திரமாக நகல் எடுத்து வந்திருக்கிறேன்.

கீழ்வீட்டுப் பர்வீன்
“சீரியல் வரலையே அக்கா” என்றாள்.
மிதுனாவுக்கு ரெகார்ட் நோட்டு ஸ்கேன் வேண்டும், நாளைக்கே.
சிப்காட்டில் இருக்கும் கொழுந்தன் போனில்,
“மாசம் நூத்திமுப்பது ரூபா கட்டுங்க அண்ணி,
எவனோ பாத்துக்குவான், உங்களுக்கு எதுக்கு?”
வாஸ்தவம்.
எவனோ பார்ப்பான் என்பதற்காகத்தானே
இந்தப் பெட்டியையே வைத்தேன்.

ஓசூருக்குப் பஸ் ஏறினேன்.
“செட்டா எடுத்துக்கங்க மேடம்.”
ஒன்று போதும், வேறு கம்பெனியில் என்றேன்.

பத்தொன்பது மணி நேரம் ஆகும் என்றது திரை.
பிறகு இருபத்தாறு என்றது.
அப்புறம் நேரம் சொல்வதையே விட்டுவிட்டது.
இன்வெர்ட்டருக்குப் பாரம் வேண்டாமென்று
ஃபேனை நிறுத்தினோம், டிவியை, வாசல் லைட்டை.
பெட்டிக்கு மட்டும் காற்று.
மூன்று பேரும் பாயில், ஜூன் புழுக்கத்தில்,
ஒரு டிஸ்க்கின் இருமலைக் கேட்டுக்கொண்டு.

“நீ அறுக்கிற கல்லுல எதாவது எழுதியிருக்குமா?”
தூங்கிவிட்டான் என்று நினைத்துத்தான் கேட்டேன்.
“அதுல என்ன இருக்கும்.
யூனிட் வேலிக்கு வெளியில நடுகல் ஒண்ணு இருக்கு.
வில்லு தெரியும், மாடு தெரியும்.
எழுத்து இருந்த இடத்துல
வருசா வருசம் எனாமல் அடிச்சுடுறாங்க.
ஆளு இருக்கான். பேரு போச்சு.”

விடிகாலை மூன்று நாற்பதுக்கு
அறுபத்தொன்றில் நின்றது.
தட்டினேன், அணைத்துப் போட்டேன்,
வாய்க்கு வந்ததைத் திட்டினேன். அறுபத்தொன்று.
அப்புறம் வழித்து எடுத்தேன், கிடைத்த வரைக்கும்:
ஆறாயிரத்துச் சொச்சம் ஃபைல்கள்,
ஒன்றுக்கும் பெயரில்லை,
வரிசை எண் மட்டும்.

பத்து நாளாகப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, தினம் ஐம்பது.
கரண்ட் பில். மிதுனா, பல் விழுந்த வருடம்.
யாருடையது என்றே தெரியாத ஒரு சிறுநீரக ஸ்கேன்.
பாதி மாம்பழம். மீதிப் பாதி சாம்பல் கட்டங்கள்.
பிறகு வாசல் கேமராவில் பதினான்கு நொடி:
தெருவிளக்கின் கீழ் திம்மராயன் சட்டையை உதறுகிறான்.
வெளுப்பாக எழுந்தது
ஒரு நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்று
ஜன்னல் பக்கம் திரும்புகிறது.

‘மலை 1’ என்று வைத்தேன்.

தம்ளரை இன்னும் கழுவவில்லை.
பெட்டியைச் சமையலறைப் பரணுக்கு ஏற்றியாயிற்று,
வாயில் மெல்லிய துணி கட்டி.
ஞாயிறு இரவு ‘வெற்றி’ வந்தது.
திங்கள் காலை, ஆலை வேன் ஹாரன் அடிக்க அடிக்க,
நகலைத் திறந்து
ஏதோ ஒன்றை முழுசாகப் படித்துவிட்டுத்தான் போனேன்.
கேஸ் சிலிண்டர் ரசீது.
கடைசி எழுத்துவரை இருந்தது.